மாரியம்மன் பானையில் எடுத்த சீட்டு

“எந்தா?” என்று கேட்டார் கண்டக்டர்.

மேல்காட்டில் கொழுந்து எடை போடும் இடம். தகரக் கொட்டகை. காக்கி அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குடையைச் சட்டைக் காலருக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்.

என் கூடையை நிறுத்தாகிவிட்டது. எடையும் சொல்லியாகிவிட்டது. போக வேண்டியவள் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவள் கூடையால் என் முதுகில் இடித்தாள்.

“எந்தா வேணும்? பறை.”

“ஒண்ணுமில்லய்யா” என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

கண்டக்டர் என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைக் காட்டை மேற்பார்க்கும் ஆபீசருக்கு மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டுகளில் அதுதான் பெயர். எங்கள் கண்டக்டர் பாலா பக்கத்து மலையாளி. கெட்டவர் இல்லை. ஆனால் சத்தம் பெரிது.

பாதைக்குக் கீழே ஞானப்பூ எனக்காகக் காத்து நின்றாள். லயம் என்று சொல்லும் எங்கள் கூலி வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீடு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். அவள் வாய்க்கு எஸ்டேட்டில் எல்லோருக்கும் பயம்.

“கேட்டியாட்டி கனி?”

“கேட்டேன்க்கா.”

“என்ன சொன்னாரு?”

“எந்தான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

ஞானப்பூ தலைத் துணியை அவிழ்த்து உதறிக் கட்டினாள். “அப்போ கேட்டது அவரு. பதில் சொன்னது நீ. நல்லாருக்குட்டி. நாளைக்குப் போயி அவருக்கு என்ன வேணும்னு விசாரிச்சுட்டு வா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

கேட்கப் போன விஷயம்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த வருஷம் முத்து பிறந்தான். அது எழுபதுகளின் நடுவில். வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. அந்த வருஷப் பனி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்கழி கடைசியில் பள்ளத்தில் இருக்கும் காடுகளில் பனி உறைந்துவிடும். காலையில் பார்த்தால் செடியின் மேல் உப்பை வாரி இறைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் அத்தனை இலையும் கருகிவிடும். பார்க்க அழகு, கிள்ளுகிறவளுக்குப் பிழைப்பு போச்சு. அந்த வருஷம் கீழ்க்காடு முழுக்கக் கருகிவிட்டது. எங்கள் ஆட்களை எல்லாம் மேல்காட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

கைப்பிள்ளைகளை வேலை நேரத்தில் விடும் கொட்டகை கீழே, ஃபாக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். கீழ்க்காட்டில் கிள்ளும்போது தேயிலைத் தண்ணீர் குடிக்க விடும் நேரத்தில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். மேல்காட்டில் இருந்து அது முடியாது. இறங்கி ஏறுவதற்குள் பாதிக் காலை போய்விடும். கூடை நிறையாது. கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குப் போனபோது முத்துவுக்குத் தலை நின்றிருக்கவில்லை. ஆயா சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தாள். முதலில் நாள் முழுக்க அழுதான். பிறகு அழுகையை விட்டுவிட்டான்.

“உம்புள்ள தங்கம். அழுகதே இல்ல” என்றாள் ஆயா.

எனக்கு அதுதான் பயம்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் அவன் தொடைச் சதையைப் பிடித்து விட்டுப் பார்த்தார். பிடித்த இடம் அப்படியே மடிந்து நின்றது. “பகல்ல ரெண்டு தடவையாவது பால் குடுக்கணும்மா. இப்படியே விட்டா தாங்காது” என்றார்.

பால் இருந்தது. அதுதான் கொடுமை. மேல்காட்டில் நிற்கும்போது ஜாக்கெட் நனையும். மறைவுக்குப் போய்த் தேயிலைத் தூரில் பீய்ச்சி விட்டுவிட்டு வந்து மறுபடி கிள்ளுவேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஃபாக்டரியில் வாடல் மாடியில் வேலை. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் மாடி அது. “கேக்கேன், கேக்கேன்” என்றார். அவர் என்னைவிடக் கூச்சக்காரர். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் ஞானப்பூவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞானப்பூவின் வீட்டுக்காரர்தான் அந்த அடுத்த வீட்டுக்காரர்.

வேதக்கோயில் அட்டை

இந்தக் காலத்தில் என் மருமகள் தினமும் காலையில் போனில் வரும் பொன்மொழிகளை எனக்குக் காட்டுவாள். ரோஜாப்பூ படம் போட்டு, விடாமுயற்சி, துணிச்சல், எழுந்திரு, செய் என்று இருக்கும். எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நன்றாகத்தான் இருக்கும். மத்தியானத்துக்குள் மறந்துவிடும்.

எனக்கு மறக்காத பொன்மொழி ஒன்றே ஒன்றுதான். அது அச்சில் வந்ததில்லை.

எங்கள் லயத்தில் பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு நாங்கள். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று அவர்கள் கோயிலில் வசன அட்டை எடுப்பார்கள். அவர்கள் பாதிரியாரான ஐயர் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அது அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. ஞானப்பூ அதைச் சோற்றுப் பசை தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைப்பாள். சண்டை போடும்போது அதைக் காட்டித்தான் சண்டை போடுவாள். “பாரு, எனக்கு என்ன வசனம் வந்திருக்குன்னு பாரு” என்பாள். எதிராளி என்ன செய்வாள்?

எங்கள் பெண்களுக்கு அதில் ஒரு ஏக்கம். அந்த வருஷம் பொங்கல் லீவில் குழாயடியில் பேச்சு வந்தது.

“அவுகளுக்கு மட்டும் சாமி வருசா வருசம் ஒரு வார்த்தை சொல்லுது. நம்ம சாமிக்கு வாய் இல்லியா?” என்றாள் ஒருத்தி.

“நாமளும் எடுப்போம். கனி நாலாப்பு படிச்சிருக்கால்லா, அவ எழுதட்டும்.”

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஆளுக்கொரு பொன்மொழி

மூணாறு கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரில் நாளுக்கு ஒரு பொன்மொழி இருக்கும். கிழித்த தாள்களை நான் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் முயற்சி, உழைப்பு என்று இருந்தவற்றைப் பொறுக்கினேன். ஆனால் பாதித் தாளில் சீரகமும் திருநீறும் மடித்துத் தீர்ந்துபோயிருந்தது. இருந்தது எல்லோருக்கும் காணாது.

“காலண்டர்க்காரன் சொன்னாத்தானா? நாம சொன்னா ஆகாதா? எழுதுட்டி” என்றாள் ஞானப்பூ. வேதக்காரி என்றாலும் வேடிக்கை என்றால் முன்னால் நிற்பாள்.

முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். நான் எழுதினேன்.

“அடுப்பு அணைஞ்சா ஊது. அழுதா எரியாது.”

“வழுக்குனா உக்காந்துரு. நிக்கப் பாத்தாத்தான் உருளுவ.”

எனக்கு நேர் எதிரே பேச்சி உட்கார்ந்திருந்தாள். எங்கள் லயத்துக் கடைசி வீடு. மடியில் கைப்பிள்ளை, முத்துவைவிட ஒரு மாதம் மூத்த பெண். பேச்சியின் வீட்டுக்காரர் குடிப்பார். அவள், “குடிச்சிட்டு வந்தா கதவத் தொறக்காத” என்றாள்.

“இதெல்லாம் பொன்மொழியாட்டி?”

“எனக்கு இதான் பொன்மொழி. எழுதினா எழுது, எழுதாட்டா போ.”

எழுதினேன்.

கடைசியாக ஞானப்பூ சொன்னாள். “வாயைத் தொறந்து கேளு. இல்லைன்னு சொன்னா, வந்து சாப்பிட்டுட்டு மறுபடி போயிக் கேளு.”

“சாப்பிட்டுட்டு எதுக்குக்கா?” என்று கேட்டேன்.

“வெறும் வயித்துல கேட்டா கெஞ்சுத மாதிரி இருக்கும். எழுது.”

சீட்டுகளைச் சுருட்டிப் பொங்கல் பானையில் போட்டோம். எங்கே வைத்து எடுப்பது? சாமி சொல்ல வேண்டும் என்றால் சாமி முன்னால்தானே வைக்க வேண்டும்? மாரியம்மன் கோயிலில் வைத்தோம். பூசாரி பானைக்கும் சேர்த்துச் சூடம் காட்டி, வேப்பிலையால் மூடிக் கொடுத்தார்.

அங்கேதான் காரியம் மாறிப்போனது. வேதக்கோயில் அட்டை சாமி மனிதருக்குக் கொடுக்கும் வாக்கு. வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். எங்கள் சீட்டு மாரியம்மன் முன்னால் சூடம் காட்டி எடுத்தது. அப்படி எடுத்தால் அது நாம் சாமிக்குக் கொடுக்கும் வாக்கு. நேர்ச்சை மாதிரி. தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிவிட்டு எடுக்காமல் இருக்க முடியுமா? யாரும் இதைச் சொல்லவில்லை. சூடம் அணைந்ததும் எல்லோருக்கும் தானாகப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டு வந்தவர்கள் முகம் எல்லாம் சுருங்கிவிட்டது.

கதவு திறக்காத சீட்டு ஒரு கிழவிக்கு வந்தது. அவள் புருஷன் செத்துப் பல வருஷம். “நான் யாருக்குட்டி கதவத் தொறக்காம இருக்கது? இதை நான் எப்படி நிறைவேத்துவேன்?” என்று உண்மையாகவே கலங்கிப் போனாள். பிறகு பேச்சியின் வீட்டுக்காரர் குடித்துவிட்டுத் தடம் மாறி அவள் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று திறக்காமல் இருந்து நேர்ச்சையைத் தீர்த்தாள்.

எனக்கு ஞானப்பூவின் சீட்டு வந்தது.

படித்துக் காட்டியதும் பெண்கள் சிரித்த சிரிப்பில் பூசாரி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். கனிக்கு வாயைத் திற என்று வந்திருக்கிறது! எஸ்டேட்டிலேயே வாயைத் திறக்காத ஒருத்திக்கு!

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண்டக்டரிடம் பயம்தான். மாரியம்மனிடம் அதைவிடப் பயம். வீட்டில் பிள்ளை வேறு அப்படிக் கிடக்கிறான்.

சாப்பிட்டுவிட்டு மறுபடியும்

முதல் தடவை கேட்கப் போய் “ஒண்ணுமில்லய்யா” என்று சொன்னதைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன்.

மறுநாள் போனேன். தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “ஐயா, பிள்ளைக்குப் பால் குடுக்கணும். என்னைக் கீழ்க்காட்டுல விடுங்கய்யா.”

“தாழே எல்லாம் கரிஞ்ஞு போயி. அவிடே போயி நீ எந்தா கிள்ளும்? பனியையா?” என்றார். தராசு பிடிக்கிறவன் சிரித்தான்.

அவர் சொன்னது நியாயம்தான். கீழே கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. இறங்கி வந்தேன். ஞானப்பூ தன் தூக்குச் சட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மரச்சீனிக்கிழங்கும் கருவாடும்.

“எனக்கு வேண்டாம்க்கா. இறங்காது.”

“சீட்டுல என்ன எழுதியிருக்கு? சாப்பிட்டுட்டு மறுபடி போன்னுதான எழுதியிருக்கு? முதல்ல தின்னு. சாமிக்கு அரைகுறையாச் செய்யக்கூடாது.”

பிள்ளைக் கவலையில் சில நாளாகவே நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவள் கவனித்திருக்கிறாள். தின்றேன்.

அடுத்து ஆயாவைக் கேட்டேன். பிள்ளையை மேலே தூக்கி வர முடியுமா என்று.

“உம்புள்ளையத் தூக்கினா பேச்சி பிள்ளையத் தூக்கணும். அவ பிள்ளையத் தூக்கினா மத்ததுகளையும் தூக்கணும். நான் என்ன குரங்காட்டி, வயித்துல ஒண்ணு முதுகுல ஒண்ணுன்னு தொங்கவிட்டு மலை ஏற?”

அதுவும் நியாயம்தான். அந்தக் காலத்தில் எனக்கு ‘இல்லை’ சொன்னவர்கள் எல்லோருமே நியாயமாகத்தான் சொன்னார்கள். அதுதான் கேட்பதைக் கஷ்டமாக்கியது. அநியாயக்காரனிடம் சண்டை போடலாம். நியாயம் சொல்கிறவரிடம் என்ன செய்வது?

என் தங்கையைக் கோவிந்தாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்தச் சமயம் அவள் முத்துவைப் பார்க்க வந்திருந்தாள். அங்கே போய் அவள் பேச்சே கோயம்புத்தூர்ப் பேச்சாகிவிட்டது. “ஏனுங்க்கா, இல்லைன்னு சொன்னா உட்டுட்டு வேற சோலி பாக்கறதில்லீங்களா? எங்கூருக்கு வந்துருங்க. தோட்டத்துல வேலை இருக்குதுங்க” என்றாள். எங்கள் அம்மா இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு போட்டிருப்பாள். ஆனாலும் அன்றைக்கு மட்டும் போய்விடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரருக்கு அங்கே என்ன வேலை? அந்த யோசனை அத்துடன் நின்றது.

டிராக்டரில் வந்த நாய்

தினமும் காலை பாதி போன நேரத்தில் கொழுந்து ஏற்றுவதற்காகக் கீழே இருந்து டிராக்டர் வரும். பின்னால் பெட்டி காலியாக ஆடிக்கொண்டு வரும். காலி என்றா சொன்னேன்? டிரைவர் வளர்த்த செவலை நாய் அதில் நின்றுகொண்டு வரும். மலை ஏறும் வரை காற்று வாங்கிவிட்டு, மேலே வந்ததும் குதித்து எங்கள் சோற்றுச் சட்டிகளை முகர்ந்து பார்க்கும்.

ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஞானப்பூ சொன்னாள். “அந்த நாய் குடுத்து வச்சதுட்டி. நடக்காம மேல வருது.”

நான் நாயைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். ஆயா பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து வந்தால் என்ன? கொழுந்து ஏற்றும் வரை வண்டி இங்கேதானே நிற்கிறது. பால் கொடுத்து, அதே வண்டியில் ஆயாவையும் பிள்ளைகளையும் முன்பக்கம் உட்கார வைத்து அனுப்பிவிடலாம்.

கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை முழுதாகச் சொல்லிவிட்டேன்.

“வண்டி கார்யம் எனக்கு அறியில்லா. துரைகிட்ட சோதிக்கணும்” என்றார். கேட்க வேண்டும் என்பதை அவர் பாஷையில் அப்படித்தான் சொல்வார்.

எங்கள் லயத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் எஸ்டேட் மேனேஜரான துரையிடம் நேரே பேசியதில்லை. ஆண்களே கங்காணி வழியாகத்தான் பேசுவார்கள். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்திருந்தார். எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. தமிழ் கொஞ்சம் பேசுவார், பிய்த்துப் பிய்த்து.

நான் துரையிடம் போகப் போகிறேன் என்று தெரிந்ததும் பேச்சி குழாயடியில் என்னை வழி மறித்தாள்.

“உன்னை யாருட்டி என் பிள்ளைக்கும் சேத்துக் கேக்கச் சொன்னா?”

“எல்லாருக்கும்னு கேட்டாத்தான...”

“துரைக்குக் கோவம் வந்து, கைப்பிள்ளைக்காரியே வேலைக்கு வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா? உனக்கு ஃபாக்டரில வேலை பாக்க புருசன் இருக்கான். எனக்கு யாரு இருக்கா? நான் எப்பிடியோ மத்தியானச் சோத்த விட்டுட்டு ஓடிப்போயி ஒரு தடவ குடுத்துட்டு வாரேன். அதையும் கெடுத்துராத.”

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று கிள்ளினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவே இல்லை. ஞானப்பூ எவ்வளவோ சொல்லியும் இறங்கவில்லை.

மஸ்டர்

விடியும் முன்பு ஆபீசுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு மஸ்டர் என்று பெயர். சில நாள் துரையும் மோட்டார் சைக்கிளில் வருவார். மூடுபனியில் முதலில் விளக்குத்தான் தெரியும்.

பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நான் முன்னால் போனேன். ஞானப்பூ எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். துரை கேட்டார். தலையை ஆட்டினார்.

“டிராக்டர், பிள்ளை... நோ. விழுந்தா யார் சொல்றது பதில்? போ.”

வந்தேன். அன்றைக்கு ஞானப்பூ சொல்லாமலே சாப்பிட்டேன். பிடிவாதமாகச் சாப்பிட்டேன்.

அதற்குள் எனக்குப் பால் குறையத் தொடங்கியிருந்தது. ஜாக்கெட் நனைவது நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து முத்துவை மடியில் போட்டால் இழுத்து இழுத்துப் பார்ப்பான், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பூண்டு தின்றேன். சுறாக் கருவாடு தின்றேன். யார் எது சொன்னாலும் தின்றேன்.

அடுத்த முறை துரை மஸ்டருக்கு வந்தபோது மறுபடியும் முன்னால் போனேன். கங்காணி என் கையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டேன். அதே வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை. மறந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் விளக்கு கண்ணில் அடித்தது.

வந்தது வேறு ஒன்று. “நாய் வாற வண்டில எம்புள்ள வரக்கூடாதா தொரை?”

எங்கே இருந்து வந்தது என்று தெரியாது. சத்தமும் அதிகம். எனக்கு அவ்வளவு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது.

துரை திரும்பி டிரைவரைப் பார்த்தார்.

“நாய்?”

“அது... அது தானா ஏறிக்கிடுது தொரை” என்றான் டிரைவர்.

பின்னால் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். துரை சிரிக்கவில்லை. கண்டக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கண்டக்டர் கையால் மேல்காட்டையும் ஃபாக்டரியையும் காட்டி ஏதோ சொன்னார். துரை வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். எனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

“வேலைக்குப் போங்கடா, போங்கடி!” என்று கங்காணி கத்தினார்.

மலை ஏறும்போது, “இது நான் சொல்லிக் குடுத்ததில்லியேட்டி” என்றாள் ஞானப்பூ. அவள் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாயைக் காணவில்லை, அவ்வளவுதான். நாய்க்கு இருந்ததையும் நான் கெடுத்துவிட்டேன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தோம். ஆபீஸ் தச்சர் டிராக்டர் பெட்டிக்கு நான்கு பக்கமும் உயரமாகப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்த காலை

அன்று டிராக்டர் வந்த சத்தத்தைக் கேட்டதும் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. ஒரு மாடு நடக்கும் வேகத்தில் வந்தது. பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, அதன் மேல் கம்பளி விரித்து, நடுவில் ஆயா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் துணிச் சுருட்டல்களாகப் பிள்ளைகள். ஆயா ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு டிரைவரை வைதுகொண்டே வந்தாள்.

கைப்பிள்ளைக்காரிகள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

முத்துவை வாங்கிக்கொண்டு பாறை மறைவில் உட்கார்ந்தேன். வாயில் வைத்தேன். இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான். ஒன்றும் இல்லை. பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. என் பிள்ளைக்கும் அது கேட்டிருக்கும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அழுதான். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாக அழுதான்.

நான் குனிந்துகொண்டே இருந்தேன். யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

“கொண்டா இங்க.”

நிமிர்ந்தேன். பேச்சி. அவள் பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருந்தது. மறு பக்கத்து மாராப்பை விலக்கிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் முத்துவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“என்னட்டி முழிக்க? வண்டிய வரவச்சது நீ. எம்புள்ள குடிக்கணும், உம்புள்ள வேடிக்கை பாக்கணுமா? கொண்டான்னா.”

கொடுத்தேன். முத்து ஒரு நிமிஷம் மிரண்டான். அது வேறு வாசனை அல்லவா? பிறகு பிடித்துக்கொண்டான். கையை நீட்டி அவள் பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

பேச்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கண்டக்டரிடம் கேட்டவள், மஸ்டரில் துரையிடம் கத்தியவள், அந்த நேரம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாய் பழையபடி பூட்டிக்கொண்டது. அவளும் எதையும் எதிர்பார்த்தவள் மாதிரி இல்லை. பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார்கள். இரண்டு பிள்ளைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவள் கூடை அடியில்தான் கொழுந்து கிடந்தது. அன்றைக்கு எடை குறைந்தால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

எழுந்தேன். என் கூடையை அங்கேயே விட்டுவிட்டு, பேச்சியின் கூடையை எடுத்து என் தலையில் மாட்டிக்கொண்டேன். அவள் வரிசையில் இறங்கி, அவள் விட்ட செடியில் இருந்து இரண்டு கையாலும் கிள்ளத் தொடங்கினேன்.

கங்காணி மேலே இருந்து பார்த்தார். “அது யாரு கூடை?” என்றார்.

கிள்ளிக்கொண்டே இருந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

முத்து நடக்கும் வரை அப்படித்தான் நடந்தது. தினமும் வண்டி வந்ததும் அவள் பாறைக்குப் போவாள், நான் அவள் வரிசைக்குப் போவேன். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேச்சியின் எடை மட்டும் ஒரு நாளும் குறைந்ததில்லை.